செவ்வாய்ப் பயணக் குழுவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கலாமா? விவாத அணிக்குத் தகவல் தேவை

கேள்வி: மலர்விழி (உட்லண்ட்ஸ்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வாரம் நடக்கவிருக்கும் தமிழ் விவாதத்தில், "செவ்வாய்க்குச் செல்லும் முதல் குழுவில் ஒரே பாலினத்தவரே இருக்க வேண்டும்" என்ற தலைப்பை எதிர்த்துப் பேசும் பொறுப்பு அவளுடைய அணிக்குக் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சு எழுந்ததும், எங்களோடு வசிக்கும் என் தந்தையார், "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பற்றக் கூடாது என்றால் எப்படி?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஆண்களோடு மட்டுமே வேலை பார்த்தவர். மெய்யான கவலையோடுதான் கேட்டார். மகள் தட்டைப் பார்த்தபடி இருந்துவிட்டாள். எனக்கும் பதில் வரவில்லை.

ஆணும் பெண்ணும் சமம் என்ற பொதுவான பேச்சை எதிரணி ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும். இதுவரை மாதக்கணக்கில் அடைபட்டு வாழ்ந்த குழுக்களில் உண்மையில் என்ன நடந்தது, சண்டை வந்திருந்தால் எதனால் வந்தது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: இளங்கோவன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தங்கள் தந்தையாரின் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டுமென்றால், முதலில் பெண்களே இல்லாத ஒரு கலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1982-ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் சல்யூட் 7 நிலையத்தில் அனத்தோலி பெரெசவோய், வலந்தீன் லேபிதெவ் ஆகிய இருவரும் 211 நாள்கள் தங்கினார்கள். அதுவரை யாரும் அவ்வளவு காலம் தொடர்ந்து விண்வெளியில் இருந்ததில்லை. லேபிதெவ் அங்கே எழுதிய நாட்குறிப்பு பிறகு வெளிவந்தது. எரிச்சலும் மனக்கசப்பும், ஒரே குழாய்க்குள் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் முகம்கொடுத்துப் பேசாத நாள்களும் அதில் தெரிகின்றன. அங்கே நெருப்பு மட்டும்தான் இருந்தது, பஞ்சு இல்லை, ஆனாலும் புகைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா அந்த நிலையத்துக்குச் சென்றார். விண்வெளிக்குச் சென்ற இரண்டாவது பெண் அவர். விமானம் ஓட்டுவதில் உலக சாதனைகள் படைத்தவர். அவரை வரவேற்றவர்கள் சமையல் மேலங்கி ஒன்று தயாராக இருப்பதாகச் சொன்னது அக்காலச் செய்திகளில் பதிவாகியிருக்கிறது. தங்களுக்குள்ளேயே பேச்சு வற்றிப்போயிருந்த ஒரு குழு, புதிதாக வந்த விமானியைச் சமையலறைக்கு அனுப்பப் பார்த்ததை மாணவிகள் எடுத்துச் சொல்லலாம். சவீத்ஸ்கயா 1984-இல் மறுபடியும் அதே நிலையத்துக்குச் சென்று, விண்கலத்துக்கு வெளியே இறங்கி வேலை செய்த முதல் பெண்ணானார்.

எதிரணி கட்டாயம் கையிலெடுக்கப்போகும் நிகழ்ச்சி 1999-இல் மாஸ்கோவில் தொடங்கிய அடைப்புச் சோதனைதான். அதை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவ உயிரியல் சிக்கல்கள் ஆய்வுக் கழகத்தில், பூமியிலேயே அமைத்த விண்வெளி நிலைய மாதிரிக்குள் பல நாட்டவர் தங்கவைக்கப்பட்டார்கள். கனடாவைச் சேர்ந்த ஜூடித் லாபியேர் 110 நாள் தங்கிய குழுவில் ஒரே பெண். 2000-ஆம் ஆண்டு பிறந்த புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது ரஷ்யர்கள் இருவர் இரத்தம் சிந்தும் அளவுக்கு அடித்துக்கொண்டார்கள். ரஷ்யக் குழுத்தலைவர் லாபியேரை அவர் விருப்பத்துக்கு மாறாக முத்தமிட்டார். ஜப்பானியப் பங்கேற்பாளர் ஒருவர் பாதியில் வெளியேறினார். நடத்தியவர்கள் அதற்குக் கொடுத்த முக்கிய விளக்கம், பண்பாட்டு வேறுபாடு என்பதாகும்.

இந்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்து வருகிறேன். அடித்துக்கொண்ட இருவரும் ஆண்கள். வரம்பு மீறியவரோ அங்கிருந்த ரஷ்யக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். வெளியே இருந்தவர்கள் உடனே தலையிட்டுத் தவறு செய்தவரைக் கண்டித்திருந்தால், இது ஒரு தனிமனிதரின் குற்றமாகப் பதிவாகியிருக்கும். அவர்கள் அதைச் செய்யாததால், "பெண் இருந்ததால் வந்த வினை" என்று கால் நூற்றாண்டாகப் பேசப்படுகிறது. லாபியேர் தம் 110 நாள்களையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார் என்பதை மாணவிகள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அதே கழகம் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை நடத்திய மார்ஸ்-500 சோதனையில் ஆறு ஆண்கள் மட்டும் 520 நாள்கள் இருந்தார்கள். பெரிய சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் தூக்கம் கெட்டது, உடலசைவு குறைந்தது, சிலர் ஒதுங்கத் தொடங்கினார்கள். 2019-இல் அதே வளாகத்தில் மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் நான்கு மாதம் அடைபட்டு வாழ்ந்து முடித்தார்கள். நாள் செல்லச் செல்ல அவர்கள் வெளியே பேசுவது குறைந்து, தங்களையே நம்பத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரே கட்டடத்தில் இப்படி மூன்று விதமான முடிவுகள் கிடைத்திருக்கும்போது, விளைவைத் தீர்மானிப்பது பாலினம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனிமையான ஓர் எடுத்துக்காட்டும் தருகிறேன். 1996-இல் அமெரிக்கரான ஷேனன் லூசிட் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் இரண்டு ரஷ்ய ஆண்களோடு பல மாதங்கள் வாழ்ந்தார். மொத்தம் 188 நாள்கள். ஞாயிறுதோறும் மூவரும் கூடி ஒரு பை ஜெல்லியைப் பகிர்ந்து உண்பது அவர்களுக்கு வழக்கமாக இருந்தது. தரையிறங்குவது ஆறு வாரம் தள்ளிப்போனபோதும் அந்த நட்பு முறியவில்லை. அப்போது அவருக்கு வயது 53.

பதில்: கடலோடி (துவாஸ்)

ஆசிரியர் ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். நான் விண்வெளி அறியாதவன். பதினேழு ஆண்டுகள் கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்துவிட்டு இப்போது கரையில் வேலை பார்க்கிறேன். ஒரே உலோகக் கூட்டுக்குள் இருபத்திரண்டு பேர் மாதக்கணக்கில் இருப்பது எப்படி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட எங்கள் கப்பலில் பயிற்சி அதிகாரியாக ஒரு பெண் சேர்ந்தார். நாங்கள் எல்லாரும் பேச்சு எப்படி மாறும், பழக்கம் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். சிக்கல் வந்த இடம் வேறு. கப்பலைக் கைவிட நேர்ந்தால் அணியும் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு உடையை முதல் வாரப் பயிற்சியில் அவர் போட்டுப் பார்த்தார். கையுறையின் விரல் நுனிகள் வெறுமையாகத் தொங்கின. முகத்தைச் சுற்றி ஒட்டி நிற்க வேண்டிய ரப்பர் விளிம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. கடலில் விழுந்திருந்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும். சின்ன அளவு உடை கப்பலில் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினோம், அடுத்த துறைமுகம், அதற்கடுத்த துறைமுகம் என்று இழுத்து, ஐந்து வாரம் கழித்துத்தான் அது வந்தது. அதுவரை அந்தப் பிள்ளை தனக்குப் பொருந்தாத உடையை நம்பித்தான் பயணம் செய்தார். அவரால் கப்பலுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. கப்பல்தான் அவருக்குத் தயாராக இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2019 மார்ச்சில் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இரு பெண்கள் சேர்ந்து வெளியே சென்று வேலை செய்வதாக இருந்த திட்டம், விண்வெளி உடையின் நடுத்தர அளவு மேலுடல் கவசம் ஒன்றுதான் உடனடியாகப் பயன்படுத்தத் தயாராக இருந்தது என்பதால் மாற்றப்பட்டது என்று படித்தபோது, அந்தக் கையுறைதான் கண்முன் வந்தது. பிறகு அக்டோபர் 18-ஆம் தேதி கிறிஸ்டினா கோக், ஜெசிக்கா மேயர் என்ற இரு பெண்கள் சேர்ந்து வெளியே சென்று வேறொரு வேலையைச் செய்து முடித்தார்கள். ஏழு மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருந்தார்கள்.

இன்னொன்று. எங்கள் தலைமை மாலுமி முதல் நாளே எல்லாரையும் உணவறையில் கூட்டி, ஒருவர் அறைக்கதவை மற்றவர் தட்டாமல் திறக்கக் கூடாது, யாருக்காவது மனத்தாங்கல் என்றால் தம்மிடமோ, தம்மைப் பற்றியதாக இருந்தால் கரையிலுள்ள அலுவலகத்திடமோ நேராகச் சொல்லலாம் என்று சொல்லி, அந்தத் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டினார். ஆசிரியர் ஐயா சொன்ன மாஸ்கோ கதையில் இல்லாமல் போனது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பதில்: ஃபாத்திமா (பிடோக்)

மலர் அக்கா, நான் தாதியாகப் பணிபுரிகிறேன். உடல்நிலையை வைத்து எதிரணி பேசினால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள். எடையில்லா நிலையில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு வரும் கண் நரம்பு வீக்கமும் பார்வை மாற்றமும் ஆண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. தரையிறங்கியதும் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவது பெண்களிடம் கூடுதல். ஆகவே உடலை வைத்து ஒரு பக்கத்தை விலக்கினால் மறுபக்கத்தையும் விலக்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சு அளவில் நாசா முன்பு பெண்களுக்குக் குறைவான வரம்பு வைத்திருந்ததால் அவர்களுக்குப் பறக்கும் நாள்களும் குறைந்தன. 2022-இல் அதை மாற்றி, வயதும் பாலினமும் பாராமல் பணிக்காலம் முழுமைக்கும் 600 மில்லிசீவெர்ட் என்று எல்லாருக்கும் ஒரே வரம்பு வகுத்தார்கள்.

பெண்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள், அதனால் பெண்களை மட்டும் அனுப்பலாம் என்ற வாதமும் உலவுகிறது. நம் பக்கத்துக்குச் சாதகமாகத் தெரிந்தாலும் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அது உடலின் அளவைப் பொறுத்தது. தவிர, அதுவும் ஒரே பாலினக் குழுவுக்கான வாதம்தான். ஆறு பேர், நான்கு பேர் என்று நடந்த சோதனைகளை வைத்துக் கலப்புக் குழுவே எப்போதும் சிறந்தது என்றும் முழங்க வேண்டாம். எண்ணிக்கை மிகவும் சிறியது. பிரித்து அனுப்பச் சொல்பவர்கள்தாம் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமாக இருக்கும்.

மலர்விழி மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சல்யூட் 7 கதையையும், கடலோடி அண்ணன் சொன்ன உடைக் கதையையும் அப்பாவிடம் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போகிறவர்களுக்கு ஆளுக்கொரு அறை உண்டா, உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். பட்டறையில் சேர்ந்த புதிதில் ஓர் அறையில் எட்டுப் பேராக இருந்த காலத்தில், சண்டைகள் எல்லாம் படுக்கையையும் குளியலறை முறையையும் பற்றியே வந்தன என்று முதன்முறையாக எங்களிடம் சொன்னார். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இளங்கோவன்

தந்தையார் கேட்டது மிகச் சரியான கேள்வி. உண்டு. நாசா ஹியூஸ்டனில் நடத்திய செவ்வாய் வாழ்விட ஒத்திகையில் இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும், கெல்லி ஹேஸ்டன் என்ற பெண்மணியின் தலைமையில், 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை 378 நாள்கள் தங்கி நல்லபடியாக வெளியே வந்தார்கள். முப்பரிமாண அச்சு முறையில் கட்டிய அந்த வாழ்விடம் 1,700 சதுர அடி. நம் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஏறத்தாழ 1,200 சதுர அடி என்பதால், வீட்டுக்கூடத்தில் நின்று பார்த்தாலே அப்பாவுக்கு அளவு புரிந்துவிடும். நால்வருக்கும் தனித்தனிப் படுக்கையறை இருந்தது. அனைத்துலக விண்வெளி நிலையத்திலோ ஆளுக்கொரு தூங்கும் அறை பழைய தொலைபேசிக் கூண்டு அளவுதான். ஆனாலும் அதற்குக் கதவு இருக்கிறது. செவ்வாய்க்குப் போகும் கலத்தில் இந்த இடமும் இன்னும் சுருங்கலாம் என்பதால், எதிரணி அங்கே பிடிக்கக்கூடும். அப்படிக் கேட்டால், அந்த நெருக்கடி ஆறு ஆண்களுக்கும் ஆறு பெண்களுக்கும் அதே அளவு நெருக்கடிதான் என்பதற்குத் தாத்தாவின் எட்டுப் பேர் அறையையே, அவர் அனுமதித்தால், மகள் எடுத்துச் சொல்லலாம்.