முதுகலைக் கணிதம்: ஒரு 'ஆகவே'யைச் சுற்றிய வட்டம்

இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் என்ற நினைப்போடுதான் முதுகலைக் கணிதத்தில் சேர்ந்தேன். முதல் பருவத்தின் மூன்றாவது வாரத்தில் மெய்ப் பகுப்பாய்வு வீட்டுப்பாடம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது, நான்கு பக்க நிரூபணத்தின் நடுவே 'ஆகவே' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டமும், அதனருகே ஒரு கேள்விக்குறியும் மட்டுமே இருந்தன. தொடர்ச்சியான சார்புகளின் வரிசை ஒருங்கினால் அது நெருங்கிச் சேரும் எல்லைச் சார்பும் தொடர்ச்சியானதே என்று அந்த இடத்தில் எழுதியிருந்தேன். அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பேராசிரியரிடம் போய்க் கேட்டபோது அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் எக்ஸின் அடுக்குகளை வரைந்து பார்க்கச் சொன்னார். வர்க்கம், கனம், பத்தாம் அடுக்கு என்று ஏற ஏற வளைகோடு தரையோடு தரையாகப் படிந்து, 1-ஐ நெருங்கும் இடத்தில் மட்டும் விருட்டென்று எழுந்தது. எல்லைச் சார்போ 1-க்கு முன்பு எங்கும் பூச்சியமாகவும், 1-இல் மட்டும் 1 ஆகவும் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது சீரான ஒருங்கல். பிழைக்கான சிறு வரம்பாக ஓர் எப்சிலானைக் கொடுத்தபின், எத்தனையாவது சார்பு முதல் பிழை அதற்குள் அடங்குகிறதோ அந்த எண் எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக அமைய வேண்டும். 'ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு' என்பதும் 'எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் ஓர் எண் உண்டு' என்பதும் அதுவரை எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் பட்டிருந்தன.

தொடர்ச்சியான சார்புகளாலான தொடர் ஒருங்கினால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று கணிதமேதை கோஷி 1821-இல் எழுதியதையும், 1826-இல் இன்னொரு கணிதமேதையான ஏபெல் ஒரு சைன் தொடரைக் காட்டி அதற்கு விதிவிலக்கு உண்டு என்று சுட்டியதையும் பிற்பாடு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. (கோஷியின் தாளில் வட்டம் போட ஆளில்லை என்பது வேறு விஷயம்.)

*

மேலே எழுதியவருக்குப் பகுப்பாய்வில் விழுந்த அடி எனக்கு இயற்கணிதத்தில் விழுந்தது. குலம் என்பது பெருக்கினாலும் தலைகீழாக்கினாலும் வெளியே போகாத உறுப்புகளின் தொகுப்பு; அதற்குள்ளேயே இருக்கும் சிறு குலம் உட்குலம். முடிவுறு குலத்தின் வரிசையை (உறுப்புகளின் எண்ணிக்கையை) அதன் உட்குலத்தின் வரிசை வகுக்கும் என்ற லெக்ராஞ்சி தேற்றத்தின் மறுதலையும், அதாவது வகுக்கும் எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்குலம் உண்டு என்பதும், உண்மையென்று நானாகவே எடுத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வில் அதைத் தயங்காமல் சொல்லியும் விட்டேன். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களாலான (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை தடவை செய்து கிடைப்பவை) குலத்தில் 12 உறுப்புகள் உள்ளன, அதில் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் ஒன்றைப் பலகையில் எழுதுங்கள் என்றார் தேர்வாளர். எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன். எப்படிச் சேர்த்தாலும் பெருக்கியவுடன் ஏழாவது உறுப்பு ஒன்று வந்து நின்றது.

பாதி உறுப்புகளைக் கொண்ட உட்குலத்தில் குலத்தின் எல்லா உறுப்புகளின் வர்க்கங்களும் இருந்தே தீரும். மூன்று பொருள்களைச் சுழற்றும் உறுப்பு ஒவ்வொன்றும் இன்னொன்றின் வர்க்கம்; அப்படிப்பட்டவை 8 இருக்கின்றன. எட்டுப் பேரை ஆறு நாற்காலிகளில் உட்கார வைக்கத்தான் நான் பத்து நிமிடம் போராடியிருக்கிறேன் என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

*

நான் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவள். தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, அது எங்கே உடைகிறது என்று பக்க ஓரத்தில் படம் போட்டுப் பார்ப்பது இப்போது என் வழக்கம். சார்புகளின் பரப்புகள் எல்லைச் சார்பின் பரப்பை நெருங்கும் என்று சொல்லும் லெபேக்கின் ஒருங்கல் தேற்றம், அந்தச் சார்புகள் அனைத்தையும் ஒரே தொகையிடத்தக்க (முடிவுள்ள பரப்புடைய) சார்பு மேலிருந்து அடக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறது என்பது, உயரம் 2, அகலம் 1/2; உயரம் 3, அகலம் 1/3 என்று ஒல்லியான செவ்வகங்களைப் பூச்சியத்தை ஒட்டி வரைந்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொன்றின் பரப்பும் 1. எல்லைச் சார்பின் பரப்போ பூச்சியம். இந்த வேகத்தில் ஒரு மாலைக்கு இரண்டு பக்கம்தான் நகர்கிறது, தேர்வுக்கு இன்னும் மூன்று அத்தியாயங்கள் பாக்கி இருக்கின்றன.