உதவி தேவை: 12 நாளில நல்லூர் தேர், கண்டி பெரஹெரா, எல்ல ட்ரெயின், மிரிஸ்ஸ திமிங்கலம் எல்லாம் சரிவருமா?

வெள்ளவத்தைத் தம்பி:
வணக்கம். என்ட அக்கா குடும்பம் அடுத்த வருஷம் ஓகஸ்ட்ல கனடாவில இருந்து வருகினம். அக்கா, அத்தான், பிள்ளையள் ரெண்டு பேர் (13, 8). பிள்ளையள் இலங்கை பாக்கிறது இதுதான் முதல் தடவை. கூட நானும் அம்மாவும். அம்மாக்கு முழங்கால் வருத்தம், படி கண்டாலே பயம். ப்ளைட் டிக்கெட் இன்னும் போடேல்ல.

அத்தான் வட்ஸ்அப்பில அனுப்பின லிஸ்ட் இது: நல்லூர் தேர், கண்டி பெரஹெரா (யானை ஊர்வலம்), சிகிரியா, எல்லவுக்கு ட்ரெயின், மிரிஸ்ஸவில நீலத் திமிங்கலம், காலி கோட்டை, ஏலுமெண்டா சிவனொளிபாதமலை. நான் வெள்ளவத்தை வீட்டிலயே எல்லாரையும் வைச்சுக்கொண்டு ரெண்டு நாள் அங்க ரெண்டு நாள் இங்க எண்டு போய்ப் போய் வருவம் எண்டு நினைச்சன், ஆனா மப்பில தூரத்தைக் கூட்டிப் பாத்தா பாதி நாள் ரோட்டிலயே போகுது. பிறந்ததிலிருந்து கொழும்புதான், எனக்குத் தெரிஞ்ச வெளியூர் யாழ்ப்பாணமும் கதிர்காமமும் மட்டும். எதை வெட்டுறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொக்குவில் மருமகன்:
முதல்ல தேரையும் பெரஹெராவையும் பாருங்கோ, மிச்சமெல்லாம் பிறகு. ரெண்டும் சந்திரன் கணக்கு, வருஷா வருஷம் தேதி மாறும். நல்லூர் ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் கொடியேறும், கண்டியும் கிட்டத்தட்ட அதே நேரத்திலதான் துவங்கும். ஆனா கண்டி பௌர்ணமியோட முடிஞ்சிடும், நல்லூர்த் தேரோ 24ஆம் நாள். 2025ல கொடியேற்றம் யூலை 29, கண்டியில கடைசி ரந்தோலி (கடைசி நாளையில வாற பெரிய ஊர்வலம்) ஓகஸ்ட் 8, நல்லூர்த் தேர் ஓகஸ்ட் 21. இடையில ரெண்டு கிழமை கிடக்கு, 12 நாளுக்குள்ள ரெண்டையும் பிடிக்க வழியே இல்ல. எது வேணும் எண்டு வீட்டில முடிவெடுத்திட்டுத்தான் ப்ளைட் டிக்கெட்டில கை வைக்கோணும்.

வெள்ளவத்தைத் தம்பி:
அண்ணா இது பெரிய உதவி. ரெண்டும் ஓகஸ்ட் திருவிழாதானே, ஒண்டாப் பாத்திடலாம் எண்டு அத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். அம்மாவைக் கேட்டன், பெரஹெராக்கு மத்தியானமே போய் ரோட்டோரம் இடம் பிடிச்சு ராத்திரி வரைக்கும் குந்திக்கொண்டிருக்க தன்னால ஏலாதாம், தேர்தானாம். அப்ப தேர். மிரிஸ்ஸ எப்பிடி? அத்தான் திமிங்கலத்தை விடமாட்டன் எண்டு நிக்கிறார்.

கிண்ணியா நானா:
தம்பி, ஓகஸ்ட்ல மிரிஸ்ஸயா? அந்த நேரம் தென்மேல் பருவக்காத்து. தெற்குக் கடலும் மேற்குக் கடலும் கொந்தளிப்பா இரிக்கும், அங்க திமிங்கலம் பாக்குற சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் மட்டும்தான். எங்கட பக்கம் நேர் எதிர். மே பிறந்தா கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கெடக்கும், மறுகா நவம்பர், டிசம்பர்ல வடகீழ் மழைக்குத்தான் குழம்பும். இவ்வளவு சின்ன நாட்டில இதைப் பாக்காம பிளான் போட்டா காசு கடல்ல போட்ட மாதிரித்தான். வெளியில இருந்து வாற ஆக்கள் எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான், மாசத்தைச் சொல்லுங்க, எந்தக் கரைக்குப் போறதுண்டு பிறகு பாப்பம்.

எங்கட திருமலையிலயும் (திருகோணமலை) நீலத் திமிங்கலம் வாறதுதான், கடலடிப் பள்ளம் கரைக்குக் கிட்டவே இரிக்கி. ஆனா நல்ல சீசன் ஓகஸ்டுக்கு முந்தி. ஓகஸ்ட் கடைசில எண்டா பாத்தாப் பாத்ததுதான், அதை நம்பி வராதீங்க. அதுக்குப் பதிலா நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்குப் போங்க. முட்டளவு தண்ணியிலயே குட்டிச் சுறா சுத்தும், சின்னச் சுறா, ஒண்டும் செய்யாது, பிள்ளைகள் அதைப் பாத்திட்டு திமிங்கலத்தை மறந்திரும். வெறுங்காலோட இறங்க விடாதீங்க, உடைஞ்ச முருகைக்கல் காலைக் கிழிச்சிரும், ரப்பர் சப்பாத்து கட்டாயம். உம்மாக்கு கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறும் இரிக்கி, ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு.

ஹட்டன் பொண்ணு:
அண்ணா சிவனொளிபாதமலைய லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. சீசன் டிசம்பர் போயாவுல (பௌர்ணமி) இருந்து மே மாச வெசாக் வரைக்கும்தான். ஓகஸ்ட்ல எங்க பக்கம் மழையும் காத்தும், மேல லைட்டும் இருக்காது கடையும் இருக்காது, சின்னப் பிள்ளைய கூட்டிக்கிட்டு ஏறுற நேரமே இல்ல.

ட்ரெயின் கட்டாயம் போங்க, ஆனா கண்டியில இருந்து எல்ல வரைக்கும் முழுசா வேணாம், ஆறு ஏழு மணித்தியாலம், லேட்டானா இன்னும் கூட, அம்மாவுக்கு கஷ்டம். நானுஓயாவுல ஏறுங்க. வான் சாமானோட ரோட்டுல போயி எல்லவுல நிக்கட்டும். ஏசி பெட்டியில கண்ணாடி தொறக்க முடியாது, செகண்ட் கிளாஸ் ரிசேவ் பண்ணுங்க. புக்கிங் ஒரு மாசத்துக்கு முன்னமே ஓப்பன் ஆகும், அன்னைக்கே எடுத்தாத்தான் உண்டு.

பட்டிப்பொல தாண்டுனதும் ஒரு சுரங்கம் வரும், பிள்ளைங்கள தூங்க விடாதீங்க. இலங்கையிலயே ஆக உயரமான ரயில் இடம் அங்கதான், 1,898 மீட்டர். ஓகஸ்ட்ல இந்தப் பக்கம் பனிமூட்டம், தூறல், எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருப்பாங்க, சுரங்கத்துக்குள்ள போயி ஒஹிய பக்கம் வெளிய வந்தா சுள்ளுனு வெயில் அடிக்கும். நானா சொன்ன பருவக்காத்து மலையில முட்டி அங்கயே நின்னுரும், அதான் எல்ல, பதுளைப் பக்கம் அந்த மாசத்துல காஞ்சு கெடக்கும்.

இன்னொன்னு, கொழுந்து எடுக்கிறவங்கள போட்டோ எடுக்கணும்னா முதல்ல கேளுங்க. அவங்களும் நீங்க பேசுற தமிழ்தான் பேசுவாங்க, வாய் தொறந்து கேட்டா போதும்.

வான்கார அண்ணன்:
கொழும்புக்குத் திரும்பித் திரும்பி வாற யோசனையை முதல்ல விடுங்கோ. கட்டுநாயக்கா எயாப்போட்டில இறங்கி வீட்டுக்கே வராம நேர கண்டி. தலதா மாளிகையைப் பாத்திட்டு நானுஓயா, அங்கயிருந்து ட்ரெயின்ல எல்ல. ஒன்பது வளைவுப் பாலம் பாத்திட்டு பதுளை, மகியங்கனையால இறங்கினா பொலன்னறுவை. ஹபரணவில தங்கி சிகிரியா, பின்னேரம் மின்னேரியா. ஓகஸ்ட், செப்டெம்பர்ல குளம் வத்தி புல்லு முளைக்கும், அதுக்கு யானை கூட்டங்கூட்டமா இறங்கும், அந்த மாசத்தில யாலக் காட்டுக்குப் போறதை விட இது எவ்வளவோ மேல். பிறகு திருமலை. அங்கயிருந்து ஹொரவப்பொத்தானையால வவுனியா ஏறி ஏ9 ரோட்டால யாழ்ப்பாணம். தேர் பாத்திட்டு வானை விட்டிட்டு ட்ரெயின்ல கொழும்பு வந்திடலாம். காலி ஹைவேயால ஒரு நாளில போட்டு வாற தூரம், நாள் மிஞ்சினாப் பாருங்கோ.

அம்மா சிகிரியா ஏறமாட்டா, 1,200 படி இருக்கு. அவவை ஹொட்டலில விட்டிட்டு விடியவே போய் வெயிலுக்கு முன்னம் இறங்குங்கோ. பொலன்னறுவை அவவுக்கு நல்லம், ஒவ்வொரு இடத்துக்கும் கிட்ட வரைக்கும் வான் போகும். ஆனா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நடக்கிற இடங்களில மத்தியானக் கல்லு காலைப் பொசுக்கிப்போடும், ஆளுக்கு ஒரு சோடி சொக்ஸ் பையில வைச்சிருங்கோ.

வான் பேசேக்க ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், அதுக்கு மேல ஓடினா என்ன கணக்கு, ட்ரைவற்ற படுக்கை, சாப்பாடு ஆர் பாக்கிறது, யாழ்ப்பாணத்திலயிருந்து வெறும் வானாத் திரும்பிற செலவு ஆர்ட எண்டெல்லாம் எழுத்தில வாங்குங்கோ. வாயால பேசிப்போட்டு கடைசி நாள் வாசலில நிண்டு சண்டை பிடிக்கிற ஆக்களை நிறையப் பாத்திட்டன்.

தெஹிவளை ரசிகா:
சிகிரியாவில வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு டிக்கெட் டொலர் கணக்கு, நாலு பேருக்கும் சேத்தா நெஞ்சு வலிக்கும். அக்கா, அத்தானுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா இலங்கைப் பாஸ்போட்டையும் கொண்டு வரச் சொல்லுங்க.

வெள்ளவத்தைத் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. அக்காக்கு இரட்டை இருக்கு, அத்தான் எடுக்கேல்ல, அவர் டொலர் கட்டட்டும். மிரிஸ்ஸ, சிவனொளிபாதம், பெரஹெரா மூண்டும் வெட்டியாச்சு. பஞ்சாங்கத்தில தேர்த் தேதியைப் பாத்து, தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம், அதுக்குப் பிறகு கொழும்பு, ப்ளைட் எண்டு பின்னால இருந்து நாளை எண்ணி டிக்கெட் போடப் போறம். ஒரே ஒரு கேள்வி, தேரண்டு அம்மாவை எப்பிடிக் கொண்டு போறது? சனத்துக்குள்ள நிக்கமாட்டா.

கொக்குவில் மருமகன்:
திருவிழாக் காலம் முழுக்க கோயிலைச் சுத்தின ரோட்டெல்லாம் பூட்டு, வாகனம் உள்ள விடமாட்டினம், மணல் பரப்பியிருக்கும், செருப்பும் இல்ல. தேர் காலமையே இருப்பிடம் விட்டுக் கிளம்பிடும், ஏழு மணிக்கு வந்தாக் காணும் எண்டு நினைச்சா சனத்தின்ட முதுகுதான் தெரியும். அம்மாவுக்கு ஒரே வழி ரோட்டுத் தடைக்கு உள்பக்கம் ரூம் எடுக்கிறது. வெளிநாட்டுச் சனம் முழுக்க அந்தக் கிழமைதான் வந்து நிக்கும், அதால ப்ளைட் போட்ட அண்டைக்கே ரூமையும் போடுங்கோ. மடக்குற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்டு, தண்ணிப் போத்தல் ஒண்டு. அத்தானிட்டயும் பெடியனிட்டயும் இப்பவே சொல்லி வையுங்கோ, உள்ள போறதெண்டா ஆம்பிளையள் சேட் கழட்டோணும், 13 வயசுக்கு அது பெரிய வெக்கம்.

வெள்ளவத்தைத் தம்பி:
13 பெட்டை அண்ணா, 8தான் பெடியன், அவனுக்குச் சேட் கழட்டச் சொன்னா சந்தோஷம். அத்தான்தான் இப்ப ஜிம்முக்குப் போறன் எண்டு நிக்கிறார். ரூமுக்கு நாளைக்கே கதைக்கிறன்.