மறு: ஸோனிங்குக்குத் தமிழில் என்ன சொல்?

> 'மண்டலமாக்கல்' ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம்.

ஸோனிங் (zoning), அதாவது ஊரின் எந்த நிலத்தில் எதை, எப்படிக் கட்டலாம் என்று வகுக்கும் சட்டத்துக்கு, 'மண்டலமாக்கல்' இருக்கிறதுதான். ஆனால் சென்னைக்காரருக்கு மண்டலம் என்றால் மாநகராட்சியின் மண்டலம், இல்லாவிட்டால் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இலங்கை நண்பர்கள் சொல்லும் 'வலயம்' அங்கே கல்வி வலயத்தோடு குழம்பும். அதைவிட, இரண்டுமே நிலத்தைக் கூறு போடுவதோடு நின்றுவிடுகின்றன, சட்டத்தின் வேலையோ அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: இந்த மனையில் வீடா கடையா, எத்தனை மாடி, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை கார் நிறுத்த வசதி வேண்டும். அதனால் 'நிலப்பயன் வரையறை' என்கிறேன். 'நிலப் பயன்பாட்டு மாற்றம்' மனை வாங்குபவர்களுக்குப் பழகிய பேச்சு என்பதால் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், இந்தச் சட்டம் வசதி குறைந்தவர்களை ஊருக்குள் வரவிடாமல் செய்கிறதே (exclusionary zoning), அந்த விளைவுக்குத் தனிச்சொல் வேண்டும். நோக்கம் நல்லதாகவே தொடங்கியிருக்கலாம். நியூயார்க்கில் 1915இல் எக்விட்டபிள் கட்டடம் தெருவோரத்திலிருந்தே செங்குத்தாக எழும்பி அக்கம்பக்கத்து வெளிச்சத்தை மறைக்க, அடுத்த ஆண்டே உயரக் கட்டடங்கள் மேலே போகப்போக உள்ளொடுங்க வேண்டும் என்று விதி வந்தது. சரி, வெயிலும் காற்றும் எல்லாருக்கும் வேண்டும். ஆனால் 1926இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை ஏற்றபோது, தனிவீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியைப் பல நேரங்களில் வெறும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதியது. தோல் நிறத்தைச் சொல்லித் தெரு பிரிப்பதை அதே நீதிமன்றம் 1917இலேயே செல்லாது என்றிருந்தது. அதன் பிறகு யார் பெயரையும் சொல்லாமல், மனை இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது, ஒரு மனையில் ஒரே குடும்பம் என்று எழுதினாலே போதும் என்றாயிற்று. வீட்டு விலை ஏறும், வாடகைக்காரர் ஊருக்கு வெளியே போவார், கடை தூரமாகும், கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது. இதில் எது திட்டமிட்டது, எது தானாக வந்தது என்று எப்போதும் பிரிக்க முடியாது, ஆகவே சொல் உள்நோக்கத்தைப் பேசக் கூடாது, விளைவை மட்டும் சொன்னால் போதும்.

வெறும் 'விலக்கு' சரிப்படாது, வரிவிலக்கு மாதிரி சலுகை என்று படித்துவிடுவார்கள். 'ஒதுக்கல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே இடஒதுக்கீடு நிற்கிறது, பொருள் நேர்மாறு. 'ஆள்விலக்கு' தேறும் என்று நினைக்கிறேன். 'ஆள்விலக்கு வரையறை' என்று சேர்த்தும் எழுதலாம், தனியாகவும் நிற்கும். தனியாக நிற்பது முக்கியம், ஏனென்றால் நிலப்பயன் வரையறையே இல்லாத அமெரிக்க நகரான ஹூஸ்டனில்கூடக் கிரயப் பத்திர நிபந்தனைகள் இதே வேலையைச் செய்கின்றன.

வீடும் கடையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் கலப்புப் பயன்பாட்டுக்கு (mixed use) 'கலப்புப் பயன்' போதுமா? யாராவது சொல்லுங்கள்.