புதுப்பித்து வந்திருக்கும் சேஸி ரைஃபிள்: பழையதை விற்றுவிட்டு வாங்கலாமா?

அரைமில்

வணக்கம். என்னிடம் இருப்பது 6.5 கிரீட்மூர் (தோட்டா வகை) சேஸி ரைஃபிள் (மரக்கட்டைக்குப் பதில் அலுமினியச் சட்டத்தில் உட்காரும் ரகம்), அந்த மாடலின் முதல் தலைமுறை. அதே கம்பெனி இப்போது அதைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. பெயரைச் சொன்னால் திரி கட்சிச் சண்டையாகிவிடும், அதனால் மாற்றங்களை மட்டும் சொல்கிறேன். முன்பகுதியின் அடியில் முழு நீளத்துக்கு ஆர்கா ரயில் (முக்காலி போன்றவற்றை மாட்டும் தண்டவாளம்), ஸ்பேனர் தேடாமல் கையாலேயே ஏற்றி இறக்கும் ஸ்டாக், மடக்கும் கீல் முன்பைவிடக் கெட்டி, குழல் கொஞ்சம் கனம், புது மசில் பிரேக் (உதையைக் குறைக்கும் குழல்முனைச் சாமான்), லேசான டிரிகர். குழலைப் பூட்டும் முறையும் மாறியிருப்பதாக ஒரே ஒரு வரி இருக்கிறது, விளம்பரத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. விலை பழையதைவிட ஏறக்குறைய கால்பங்கு கூடுதல். பழையதை விற்றால் புதியதன் விலையில் பாதி தேறும் என்று நினைக்கிறேன்.

நான் சுடுவதில் பாதி தாள் இலக்கில், மீதி போட்டிகளில் தடுப்புகள்மேல் வைத்து. 600 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் இரும்புத் தட்டில் படுவதும் படாததும் அதிர்ஷ்டம் போல இருக்கிறது. இப்போதைய ரைஃபிள் நல்ல தோட்டா போட்டால் 0.8 எம்.ஓ.ஏ. (தோட்டாக்கள் சிதறும் அகலத்தைச் சொல்லும் கோண அளவு) தருகிறது, புதியதற்கு 0.5 உத்தரவாதம் என்கிறார்கள். கூடுதல் காசுக்கு அது தகுமா?

காற்றுக்கணக்கு

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது நண்பரே. 600 வரை பிரச்சினை இல்லை, அதற்குமேல் அதிர்ஷ்டம் என்றால் அது ரைஃபிளின் நோய் இல்லை, காற்றின் நோய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ., ஆக 0.8 எம்.ஓ.ஏ. துப்பாக்கியின் குரூப் (தோட்டாக்கள் விழுந்த கூட்டம்) 1000 மீட்டரில் சுமார் 23 செ.மீ. அகலம், 0.5 என்றால் 15 செ.மீ. மையத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் 4 செ.மீ. மிச்சம், அவ்வளவுதான். இப்போது காற்றுக்கு வாருங்கள். 140 கிரெயின் எடையுள்ள தோட்டாவை வழக்கமான வேகத்தில் விட்டால், குறுக்கே வீசும் காற்றில் மணிக்கு 1 மைல் நீங்கள் தப்பாக எடைபோட்டாலே 1000 மீட்டரில் ஏறக்குறைய 0.2 மில், அதாவது 20 செ.மீ. தள்ளிப் போய்விடும். 1 மைல் வித்தியாசத்தைச் சரியாகப் படிப்பவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்த நல்ல சுடுநர்களே 2 மைல் தவறுவார்கள்.

ஆகவே அந்தக் கூடுதல் காசைத் தோட்டாவிலும், காற்று வீசும் நாளில் நெடுந்தூரத் திடலுக்குப் போய்வரும் செலவிலும் போடுங்கள். விளம்பரத்தில் வராத அப்டேட் அதுதான்.

பழையபோல்ட்

காற்றுக்கணக்கு சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கேட்டது வேறு கேள்வி, ரைஃபிள் அந்தக் காசுக்குத் தகுமா என்று. அதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: புது மாடலில் இருக்கும் எதைப் பழையதில் பிறகு பொருத்திக்கொள்ள முடியும், எதை முடியாது?

ஆர்கா ரயில் தனியாகக் கிடைக்கிறது, முன்பகுதியில் எம்-லாக் (துணைச் சாமான் மாட்டும்) துளைகள் இருந்தால் நாலு திருகு வேலை. (கேமரா முக்காலிக்காரர்களிடமிருந்து நாம் தூக்கிய பொருள் அது. இன்று அது இல்லாத ரைஃபிளை ஏதோ ஊனம் போலப் பார்க்கிறார்கள்.) பிரேக் குழல் முனைத் திரிப்பில் மாட்டுவது. டிரிகர் பெரும்பாலான மாடல்களுக்குத் தனியாக வருகிறது, ரெமிங்டன் 700 வகை டிரிகர் ஏற்கும் ரிசீவர் (போல்ட் ஓடும் உடல்பகுதி) என்றால் கடல் போலத் தேர்வு இருக்கிறது. ஸ்டாக்கும் அப்படித்தான். நீங்கள் மேலே அடுக்கிய சாமான்களில் முக்கால்வாசி இந்த வகை. இவற்றுக்காக முழு ரைஃபிளையும் மாற்றுவது நஷ்டக் கணக்கு.

மாற்ற முடியாதது ரிசீவர், போல்ட், குழலைப் பூட்டும் விதம், மேகசின் கிணறு. நீங்கள் போகிறபோக்கில் விட்ட அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ரகத்தைப் பரவலாக்கியது 2015-ல் வந்த ரூகர் பிரிசிஷன் ரைஃபிள். அதில் பிடித்துப்போன விஷயங்களில் ஒன்று, ஏ.ஆர். துப்பாக்கி போலக் குழலை ஒரு நட் வைத்துப் பூட்டியிருந்தது. கோ, நோ-கோ கேஜும் (தோட்டா அறையின் அளவு சரியா என்று பார்ப்பது) சரியான ஸ்பேனரும் இருந்தால், விஷயம் தெரிந்தவர் லேத் இல்லாமலே புதுக் குழல் மாற்றலாம். உங்கள் கம்பெனி பழைய முறையை விட்டு இப்படி ஏதாவது ஒன்றுக்கு வந்திருந்தால், அல்லது ரிசீவரை அளவு பிசகாமல் கடைந்து, தயாராகக் கிடைக்கும் தோள்வைத்த (உரிய ஆழத்தில் தானாக நிற்கும்) குழல்களைத் திருகினால் போதும் என்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தால், விலை வித்தியாசத்துக்கு அது ஒன்றே போதும். அதற்கு மாறாகத் தன் குழலை மட்டுமே ஏற்கும் தனி முறைக்குப் போயிருந்தால் பழையதையே கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த ஒரு வரியைத் துருவிப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மேகசினையும் பாருங்கள். ஏ.ஐ.சி.எஸ். வகை ஏற்றால் எங்கும் கிடைக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு மேகசினுக்கும் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வகை வந்த இடம் அக்யூரசி இண்டர்நேஷனல் என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் கம்பெனி. 1984, 1988 ஒலிம்பிக் இரண்டிலும் மூன்று நிலை (படுத்து, மண்டியிட்டு, நின்று) ரைஃபிள் பிரிவில் தங்கம் வாங்கிய மால்கம் கூப்பர் அதை நிறுவியவர்களில் ஒருவர். ரைஃபிளின் பாகங்களை அலுமினிய எலும்புக்கூட்டின் மேல் உட்காரவைப்பதை இராணுவம்வரை கொண்டுபோனது அவர்கள்தான். சேஸியால் துப்பாக்கி திடீரென்று துல்லியமாகிவிடாது. மரக்கட்டை போல ஈரத்தில் ஊதாது, திருகைக் கழற்றிப் பூட்டினாலும் பூஜ்யம் (ஸ்கோப்பில் சரிசெய்த குறி) பெரிதாக நகராது, அந்த நிலைத்தன்மைக்குத்தான் காசு. அது உங்கள் பழையதிலேயே இருக்கிறது.

தடுப்புச்சுவர்

நான் எதிர்க்கட்சி. பழையபோல்ட் அண்ணன் சொல்லும் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள்: ரயில், பிரேக், டிரிகர், ஸ்டாக், கீலுக்கு மாற்று. என் கணக்கில் அது இரண்டு மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சுலபமாகத் தாண்டும். சரி, பழையதை விற்பதில் வரும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் புதியதில் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகிறது, பழையதில் நாலு கம்பெனிச் சாமானை ஒட்டவைத்திருப்பீர்கள்.

அப்புறம் எடைச் சமநிலை. இதைத் தாளில் மட்டும் சுடுபவர்கள் கண்டுகொள்வதே இல்லை. தடுப்பின்மேல் பை வைத்துச் சுடும்போது ரைஃபிள் மேகசினுக்குச் சற்று முன்னால் தானாக நின்றால் பாதி வேலை முடிந்தது. கடையிலிருந்து வரும் சேஸி ரைஃபிள்கள் பெரும்பாலும் 5 கிலோவை ஒட்டி இருக்கும், போட்டிக்காரர்கள் வைத்திருப்பது 8, 10 கிலோ, அதுவும் எடை முன்பக்கம். கனமான குழலும் முழு நீள ரயிலும் அந்தப் பக்கம்தான் இழுக்கின்றன. எடை கூடினால் உதை குறையும், உதை குறைந்தால் உங்கள் தோட்டா எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பிலேயே பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். காற்றைப் படிக்கக் கற்றுத்தருவதும் அதுதான், காற்றுக்கணக்கு கவனிக்க.

கீலையும் லேசாக எடுக்காதீர்கள். கன்னத்தை வைத்ததும் ஸ்டாக் மயிரிழை ஆடினாலும் எரிச்சல். கடையில் ரைஃபிளை எடுத்ததும் நான் முதலில் ஆட்டிப் பார்ப்பது அதைத்தான்.

பத்துகுரூப்

0.5 உத்தரவாதம் என்று படித்ததும் வந்தேன். எத்தனை தோட்டாவுக்கு உத்தரவாதம்? இவை பெரும்பாலும் 3 தோட்டா குரூப். அதே ரைஃபிள், அதே தோட்டா, ஆனால் 10 சுட்டால் குரூப் சராசரியாக 1.6 மடங்கு விரியும், 5 சுட்டால் 1.3 மடங்கு. இது துப்பாக்கியின் குற்றமில்லை, எண்ணிக்கை கூடினால் ஓரத்தில் விழுவதும் கூடும் என்கிற சாதாரணப் புள்ளியியல். ஆக 3 தோட்டாவில் 0.5 என்றால் 10-ல் 0.8.

அரைமில், உங்கள் 0.8 எதில் வந்தது? 10 தோட்டாவில் என்றால் உங்களிடம் ஏற்கெனவே அந்த உத்தரவாதம் இருக்கிறது, விளம்பரம்தான் இல்லை.

அரைமில்

எல்லோருக்கும் நன்றி. 0.8 என்பது 10 தோட்டா, தாளைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வரியையும் துருவினேன்: பழையதில் குழல் நேரடியாக இறுக்கித் திருகியது, மாற்ற வேண்டுமானால் ஆயுதப் பட்டறைக்கு அனுப்பியே ஆகவேண்டும். புதியதில் நட் முறை. மேகசின் இரண்டிலும் ஏ.ஐ.சி.எஸ்.

முதலில் சொல்லாமல் விட்டது ஒன்று, என் குழலில் 2000 தோட்டா நெருங்கிவிட்டது.

பழையபோல்ட்

அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், கதையே மாறுகிறது! 6.5 கிரீட்மூர் குழல் போட்டித் துல்லியத்தோடு பொதுவாக 2000-லிருந்து 3000 வரை ஓடும். .308 வைத்திருப்பவர் 5000-க்கு அந்தப் பக்கமும் கவலைப்படாமல் போவார், 6 மி.மீ. கிரீட்மூர் வைத்திருப்பவர் 1500-லேயே அடுத்த குழலுக்குச் சொல்லிவைப்பார். உங்களுக்கு எப்படியும் ஒரு குழல் செலவு வாசலில் நிற்கிறது. புதுக் குழல், பட்டறைக் கூலி, அது திரும்பி வரும்வரை போகிற போட்டிகள், இத்தனையையும் ஒரு தட்டில் போடுங்கள். அப்படிப் பார்த்தால் புதியதற்கு நீங்கள் உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது சொற்பம், இனிவரும் குழல்களையும் பட்டறைக்கு அனுப்பாமல் மாற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு இப்போது புதியதற்கு. தடுப்புச்சுவர் சிரிக்க வேண்டாம், காரணம் வேறு.

தடுப்புச்சுவர்

சிரிக்கத்தான் செய்வேன்.

காற்றுக்கணக்கு

வாங்குங்கள், ஆனால் தோட்டாவுக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதீர்கள். ஒரு குழல் தேய்வதற்குள் சுட்டுத் தீர்க்கும் போட்டித் தோட்டாக்களின் விலை பெரும்பாலும் ரைஃபிள் விலையையே தாண்டிவிடும். கையில் காசு இல்லாமல் புது ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பழையதை விற்கும்போது எத்தனை தோட்டா ஓடியது என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் எப்படியும் போர்ஸ்கோப்பை (குழலுக்குள் பார்க்கும் கருவி) உள்ளே விட்டு, அறைக்கு முன்னால் குழல் தொடங்கும் இடத்தில் முதலைத்தோல் போல வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார், 2000-க்குப் பிறகு அது இல்லாமல் இருக்காது. புதியதன் விலையில் பாதி தேறும் என்ற உங்கள் கணக்கையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், வாங்குபவரும் ஒரு குழல் விலையைக் கழித்துத்தான் பேசுவார்.