பலூன் போட்ட இதய ரத்தக்குழாய் மறுபடி சுருங்கியிருக்கா? 50ஆ, 70ஆ?

மன்னார்குடி மாப்பிள்ளை:
மாமனாருக்கு இதயக் குழாய் அடைப்புக்கு மார்ச்ல ஸ்டென்ட் (குழாயைத் திறந்து தாங்குற வலைக்குழல்) வைக்காம, மருந்து தடவின பலூனை விரிச்சு மட்டும் விட்டாங்க. சர்க்கரை உண்டு. வலி இல்ல, சம்பா நாத்தங்கால் வேலைக்கு வரப்புல நடந்துதான் போறார். ஆறு மாசம் ஆச்சு, செக் ஆஞ்சியோ (சாயம் விட்டுக் குழாயைப் படம் பிடிக்கிறது) எடுத்தே ஆகணும்னாங்க. எடுத்தோம். ஒரு டாக்டர் 50 சதவீதம்னார். அதே சிடியை தஞ்சாவூர்ல காட்டினா 70ங்கிறார். எதை நம்புறது?

கேத்லேப் தம்பி:
ரெண்டுமே கண்ணளவு அண்ணே. அதுல ஆளுக்கு ஆள் மாறும். பலூனுக்கு முன்னாடி அடைப்பைக் கூட்டிச் சொல்றது, முடிஞ்சதும் குறைச்சுச் சொல்றது, தினம் பார்க்கிறேன். க்யூசிஏ, அதான் ஆஞ்சியோ படத்தைக் கம்ப்யூட்டர்ல அளக்கிறது, பண்ணச் சொல்லுங்க. சாயம் விடுற குழல், கதீட்டர், 6 ஃப்ரெஞ்ச் சைஸ்னா வெளி அகலம் 2 மி.மீ. படத்துல அதையே அளவுகோலா வெச்சு, குழாயோட ரெண்டு ஓரத்தையும் கம்ப்யூட்டரே கோடு போட்டு, ரொம்பக் குறுகின இடம் எத்தனை மி.மீ.ன்னு சொல்லிடும். ஒண்ணு, குழாயைத் தளர்த்துற நைட்ரோகிளிசரின் கொடுத்துட்டு, பழைய படத்தோட அதே கோணத்துல எடுத்திருக்கணும். இல்லேன்னா குழாய் இறுகி நின்னதையும் அடைப்புன்னு எழுதிடுவாங்க.

குடந்தை வாத்தியார்:
கம்ப்யூட்டர் சொன்னாலும் சதவீதம் சதவீதம்தானே தம்பி? பக்கத்துல 'நல்லா இருக்கிற' இடத்தோட ஒப்பிட்டு வர்ற கணக்கு. சர்க்கரைக்காரருக்கு அந்த நல்ல இடமே மெலிஞ்சிருக்கும். 3 மி.மீ. இருக்க வேண்டியது 2 ஆயிட்டா, 1 மி.மீ. மட்டும் திறந்திருக்கிற இடத்தை 50ன்னு எழுதுவீங்க. நிஜத்துல அது 67. இதுல அகலத்துல 50 போனா பரப்புல 75 போச்சுன்னு வேற அர்த்தம். அந்த ரெண்டு டாக்டரும் ஒரே கணக்கைத்தான் சொன்னாங்களான்னே தெரியல.

கேத்லேப் தம்பி:
அதுக்குத்தான் சார் லேட் லாஸ், அதாவது சிகிச்சை முடிஞ்சப்ப இருந்த அகலத்துல இதுவரை எத்தனை மி.மீ. போச்சுங்கிற கணக்கு. பலூன் முடிஞ்சப்ப 2.4, இப்ப 1.6னா இழப்பு 0.8 மி.மீ. பக்கத்துக் குழாயே வேண்டாம்.

குடந்தை வாத்தியார்:
அதுவும் ஏமாத்தும். பலூனையும் ஸ்டென்டையும் ஒப்பிட்டு 1994ல வந்த பெனஸ்டென்ட் ஆய்வுல, லேட் லாஸ் பலூனைவிட ஸ்டென்ட்லதான் அதிகம். ஆனா 50 சதவீதத்தைத் தாண்டி மறுபடி அடைச்சது பலூன்ல நூத்துக்கு 32 பேருக்கு, ஸ்டென்ட்ல 22 பேருக்கு. முதல்லயே பெருசாத் திறந்து விட்டதால, இழந்தது போக மீதி ஜாஸ்தி. இழப்பை மட்டும் பார்த்திருந்தா ஸ்டென்டைத் தூக்கிப் போட்டிருப்போம்.

கடைமடை:
வாய்க்கால் அகலத்தையே அளந்துகிட்டு இருக்கீங்களே, கடைமடைக்குத் தண்ணி வருதான்னு யாராச்சும் பார்த்தீங்களா? எஃப்எஃப்ஆர்னு ஒண்ணு இருக்கு. ப்ரெஷர் வயரை அடைப்புக்கு அந்தப் பக்கம் விட்டு, மருந்து கொடுத்து ஓட்டத்தைக் கூட்டி, அடைப்புக்குப் பின்னாடி அழுத்தத்தை முன்னாடி அழுத்தத்தால வகுத்துப் பார்ப்பாங்க. 0.80க்கு மேலன்னா பெரும்பாலும் அப்படியே விட்டுடலாம். வலியே இல்லாதவருக்குப் படம் எடுத்ததே தப்புன்னு நான் சொல்வேன். படத்துல கண்டா கை சும்மா இருக்காது. அதுக்கு அடுத்து வந்த பெனஸ்டென்ட் 2 ஆய்வுல பாதிப் பேருக்கு மட்டும் ஆறு மாச ஆஞ்சியோ எடுத்தாங்க. அந்தப் பாதியிலதான் மறு சிகிச்சை கூடிச்சு.

கேத்லேப் தம்பி:
சர்க்கரைக்காரருக்கு வலி இல்லேன்னா எல்லாம் சரின்னு அர்த்தமா அண்ணே? வலியே காட்டாம அட்டாக் வந்து இறங்கினவங்களை எங்க மேஜையில பார்த்திருக்கேன். வயர் யோசனை நல்லதுதான், ஆஞ்சியோ அன்னிக்கே விட்டிருக்கணும். இப்ப அதுக்காக மறுபடி படுக்க வைக்கணும்.

மன்னார்குடி மாப்பிள்ளை:
மறுபடி படுக்கவே மாட்டேங்கிறார். வேற வழி?

குடந்தை வாத்தியார்:
தாலியம் ஸ்கேன் கேளுங்க மாப்பிள்ளை. அந்தக் குழாய் ஊட்டுற பகுதிக்கு ரத்தம் குறையுதான்னு தெரியும். டிரெட்மில் மட்டும் போதாது, கோளாறு இருக்குன்னு காட்டினாலும் எந்தக் குழாய்னு சொல்லாது.

கடைமடை:
இதுல வாத்தியாரோட ஒத்துப் போறேன், அதிசயந்தான்.

கேத்லேப் தம்பி:
எங்க போனாலும் மார்ச் சிடியையும் கையில கொண்டு போங்க. பலூனை எடுத்தப்புறம் பிடிச்ச கடைசிப் படம் அதுல இருக்கான்னு முதல்ல ஓட்டிப் பாருங்க. சில இடத்துல அதை விட்டுட்டே காப்பி போட்டுக் கொடுத்துடறாங்க.