திருடன் சிக்கவில்லை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசிடம் நிவாரணம் கேட்க முடியுமா?

திண்டுக்கல்காரன்:
போன மாதம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய அம்மாவிடம் பைக்கில் வந்த இரண்டு பேர் சங்கிலியை இழுத்ததில், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், பிசியோதெரபி என்று கையிருப்பெல்லாம் கரைந்தது. மூன்று பவுன், அது போகட்டும். ஸ்டேஷனில் கேட்டால் "ஆள் சிக்கட்டும் சார்" என்கிறார்கள். சிக்காவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே கிடையாதா?

கோர்ட்டு வாசல்:
ஆள் சிக்க வேண்டிய அவசியமே இல்லை சார். குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தரும் பிரிவு ஒன்று இருக்கிறது: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 396. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கு வராமல் போனாலும், பாதிக்கப்பட்டவரே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (நாலு தடவை போய் நின்றால்தான் நகரும், அது வேறு கதை). பெண் என்பதால் அம்மாவுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100க்குப் போன் போட்டுக் கேளுங்கள். சரி, உங்கள் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆரா?

திண்டுக்கல்காரன்:
சின்ன ரசீது ஒன்று கொடுத்தார்கள், சி.எஸ்.ஆர். என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லையா?

ராஜி அக்கா:
தம்பி, எங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் நாங்களும் இதில்தான் கோட்டை விட்டோம். சி.எஸ்.ஆர். புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீது மட்டும்தான், வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதற்றத்தில் நாங்கள் "விழுந்துட்டார்" என்று சொல்ல, அவர்கள் அதையே எழுதிவிட்டார்கள், தள்ளிவிட்டதுதான் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

கோர்ட்டு வாசல்:
அக்கா சொன்னதுதான் முக்கியம். பில்களையும் பத்திரமாக வையுங்கள். தொகைக்கு உச்சவரம்பு உண்டு, செலவு முழுதும் திரும்பும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

திண்டுக்கல்காரன்:
இப்போதுதான் டிஸ்சார்ஜ் ஃபைலைப் புரட்டினேன். "தவறி விழுந்தார்" என்றே இருக்கிறது அக்கா. கோயில் வாசல் பூக்காரம்மா நேரில் பார்த்தவர், நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.