அடித்துவிட்ட அந்த −1

சாக்பீஸ் எழுதியது:
இருபது ஆண்டுகளாக டியூஷன் எடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டில் நேரத்துக்குக் குறை எண் விடையாக வந்தால், "பொருந்தாது" என்று எழுதி அடித்துவிடச் சொல்வதுதான் வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மடக்கிவிட்டாள்.

எளிய கணக்குதான். மொட்டைமாடியிலிருந்து பந்தை நேர் மேலே எறிகிறோம். பந்தை விடும் உயரம் 9.8 மீட்டர், வேகம் விநாடிக்கு 4.9 மீட்டர். எப்போது தரையில் விழும்? நேரத்தை 'நே' என்று வைத்தால் உயரம் 9.8 + 4.9நே − 4.9நே² (கடைசி 4.9, புவியீர்ப்பு முடுக்கம் 9.8இல் பாதி). பூச்சியத்துக்குச் சமமாக்கிச் சுருக்கினால் நே² − நே − 2 = 0. விடை 2, −1. நான் −1ஐ அடித்தேன்.

"தப்பான விடை என்றால் சமன்பாடு ஏன் சார் அதைத் தருகிறது?" என்றாள். அன்று மழுப்பிவிட்டேன். இரவு பால் வாங்கப் போகிற வழியில்தான் பிடிபட்டது. சமன்பாட்டுக்கு மாடி இருப்பதே தெரியாது, நேரத்துக்கு எதிராக உயரத்தை வரைந்தால் வரும் வளைவு, அதாவது பரவளையம் மட்டுமே தெரியும். வளைவைப் பின்னோக்கி நீட்டினால் ஒரு விநாடி முன்பு தரையைத் தொடுகிறது. கீழே நின்று ஒருவர் அப்போது 14.7 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், அந்தப் பந்து நம் கையைக் கடக்கும்போது வேகம் சரியாக 4.9! மறுநாள் சொன்னேன். "அப்படியானால் உச்சி இரண்டு விடைக்கும் நடுவில், 0.5 விநாடியில்" என்று அவளே முடித்துவிட்டாள்.

குண்டு எறிந்தவன் எழுதியது:
45 டிகிரியில்தான் அதிகத் தூரம் போகும் என்று படித்துவிட்டுப் பள்ளி விளையாட்டு விழாவில் கெட்டேன். அது, எறிந்த மட்டத்திலேயே விழும் பொருளுக்கு. குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்பித் தரைக்கு வருகிறது. கோணம் அதைவிடக் குறைய வேண்டும்.

கிணற்றடி எழுதியது:
ஊர்க் கிணற்றில் கல்லைப் போட்டேன், 2 விநாடியில் சத்தம் கேட்டது. 4.9 × 4 = 19.6 மீட்டர் என்றேன். அப்பா கயிறு விட்டார், ஒரு மீட்டருக்கு மேல் குறைந்தது. சத்தம் மேலே வரவும் நேரம் ஆகிறதே! ஒலிவேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று சேர்த்தால் மறுபடியும் இருபடிச் சமன்பாடு, ஆழம் 18.5 மீட்டர். கல் விழும் நேரத்துக்கு இன்னொரு விடை சுமார் −71 விநாடி. இதற்கு என்ன பொருள் சார்?

சாக்பீஸ் எழுதியது:
71 விநாடிக்கு முன், 25 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே கிளம்பிய கல், உங்கள் கைக்கு வந்து நின்று திரும்புகிறது. கிளம்பியபோது எழுந்த சத்தமும் அதே 2ஆம் விநாடியில்தான் காதில் விழும். அந்த ஆழத்துக்குக் கிணறு வெட்ட ஆள் கிடைத்தால் சொல்லுங்கள்.